கிலோவை யார் தீர்மானிப்பது?

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, என்றால் ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, 16 கிலோ. குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழைக்காலத்தில் நிறுவையில் தண்ணீருக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள் என்று தொடங்கும் பேச்சு, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஓயாது.

இலங்கையின் மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்தது ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் மட்டும்தான். அதற்கு முன்னால் சம்பளத்தைப் பேசி முடிக்கக் கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் மூன்று தொழிற்சங்கத் தரப்புகள். 2016இல் நாளுக்கு அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30, மொத்தம் 730 ரூபாய். 2018 கடைசியில் ஆயிரம் கேட்டு மலையகமே தெருவில் நின்றது, காலிமுகத்திடலில்கூட நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு கூடினார்கள். 2019 ஜனவரியில் கையெழுத்தானதோ அடிப்படை 700உம் விலைப் பங்கு 50உம். வரவுக்கும் உற்பத்திக்கும் கொடுத்ததை எடுத்துவிட்டார்கள். அடிப்படை கூடியதால் ஓய்வுகாலத்துக்குச் சேரும் சேமலாப நிதி கூடியது, அது உண்மை, ஆனால் எல்லாக் கொடுப்பனவும் வாங்கிவந்த ஒருத்திக்கு நாளுக்குக் கூடியது 20 ரூபாய். இந்த ஒப்பந்தமே வேண்டாம் என்று அன்றைக்குக் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

2021 மார்ச்சில் அரசாங்கத்தின் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அப்புறம்தான் எங்களுக்கு விளங்கியது, அரசாங்க வர்த்தமானியில் நாள் சம்பளம் இருக்கிறது, அந்த நாளுக்கு எத்தனை கிலோ என்பதைப் பேசி முடிக்க ஒரு மேசை இல்லை. எங்கள் தோட்டத்தில் 16 கிலோ 20 ஆனது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் ஆபீசுக்குப் போனார், தோட்டத்தை நடத்தும் துரை கேட்டுக்கொண்டார், அடுத்த நாளும் 20 கிலோதான். முன்பென்றால் ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாம், மேலிடத்துக்குக் கொண்டுபோகலாம்.

அதற்காகப் பழைய ஒப்பந்தம் நல்லது என்று சொல்லவில்லை. கையெழுத்துக்கு முன்னால் அதை மலைக்குக் கொண்டுவந்து, கொழுந்து எடுக்கும் பெண்களிடம் யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் அந்த 20 ரூபாய்க் கணக்கை அவர்களே அங்கேயே பிடித்திருப்பார்கள். நாங்கள் சண்டை பிடித்திருக்க வேண்டியது அந்த மேசையில் எங்களுக்கும் இடம் கேட்டு. மேசையே வேண்டாம் என்று சொன்னது பிழை.

2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. சில மாதம் கழித்துப் பக்கத்து லயத்து அக்கா சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டி, வாசிச்சுச் சொல்லு தம்பி என்றார். 22 நாள் வேலைக்குப் போயிருக்கிறார். அதில் 9 அரைப் பேர்.