நாற்பத்தைந்து ஆண்டுகள் இல்லாமல் போன நாடாளுமன்றம்

ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான அல்திங்கியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், கி.பி. 930இல் தொடங்கிய அது உலகின் மிகப் பழைய நாடாளுமன்றங்களுள் ஒன்று என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பெருமையில் பிழையில்லை. ஆனால் 1800 முதல் 1845 வரை அந்த மன்றமே இல்லாமல் இருந்தது என்பதும், பறிபோன அதனை மக்கள் விடாமல் கேட்டுத் திரும்பப் பெற்றார்கள் என்பதும்தான் அதன் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுகின்றன.

தொடக்கத்தில் அதற்குக் கட்டடம் கிடையாது. கோடைதோறும் ஏறத்தாழ இரண்டு வாரம், தீவின் பல மூலைகளிலிருந்தும் குதிரையேறி வந்தவர்கள் திங்வெட்லிர் சமவெளியில் கூடினார்கள். கல்லாலும் புல்மண்ணாலும் எழுப்பிய குட்டைச் சுவர்கள் அங்கேயே நிற்கும். வந்தவர்கள் கம்பளித் துணியை அவற்றின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டு தங்குவார்கள். சட்டம் ஏட்டில் ஏறாத காலம் அது. ஆகவே 'சட்டம் உரைப்பவர்' ஒருவரை மூன்றாண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சட்டப் பாறையில் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, நாட்டின் சட்டம் முழுவதையும் நினைவிலிருந்து ஒப்பித்து முடிக்க வேண்டும்.

கி.பி. 1000 வாக்கில், பழைய தெய்வங்களை வணங்கியவர்களும் கிறித்தவர்களும் ஆயுதமேந்தும் நிலைக்கு வந்தபோது, முடிவு சொல்லும் பொறுப்பு அன்றைய சட்டம் உரைப்பவரான தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவரோ பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து, சட்டத்தைப் பிளந்தால் அமைதியும் பிளந்துவிடும் என்று சொல்லி, அனைவரும் கிறித்தவத்தை ஏற்க வேண்டுமென்று தீர்ப்பளித்தார். மறைவாகச் செய்யும் பழைய வழிபாட்டுக்கு இடம் விட்டார். தம் தரப்புக்கே பாதகமான தீர்ப்பைச் சொல்ல அவருக்கு இருந்த துணிவும், அதை ஏற்க மற்றவர்களுக்கு இருந்த மனமும் அரியவை.

இருந்தும் அந்த அமைப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தீர்ப்பு வழங்க மன்றம் உண்டு. அதை நிறைவேற்ற அரசனோ படையோ கிடையாது, வழக்கில் வென்றவர்தான் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். சில குடும்பங்கள் தலைமைப் பதவிகளையெல்லாம் தம் கையில் குவித்துக்கொண்டபோது நாடு உள்நாட்டுச் சண்டையில் சிக்கி, 1262 முதல் 1264க்குள் நார்வே மன்னரின் ஆட்சியை ஏற்றது. பிறகு டென்மார்க்கின் கீழ் மன்றம் வெறும் நீதிமன்றமாகச் சுருங்கி, 1798இல் கடைசியாகத் திங்வெட்லிரில் கூடி, 1800இல் அரச ஆணையால் கலைக்கப்பட்டது.

1843இல் அரச ஆணையால் உயிர்பெற்றபோது அது ஆலோசனை மன்றம் மட்டுமே. பழைய சமவெளியிலேயே கூட வேண்டும் என்று சிலர் ஏங்கினார்கள். ஐஸ்லாந்து விடுதலை இயக்கத்தின் தலைவர் யோன் சிகுர்த்சன், இன்று தலைநகராக உள்ள ரெய்க்யவிக் நகரமே ஏற்றது என்று வாதிட்டார். அவர் பக்கமே நியாயம் என்பேன், ஏனெனில் நாளைய ஆட்சிக்கு வேண்டிய பள்ளியும் அலுவலகமும் வளரவிருந்த இடம் நகரம்தான். 1845இல் அங்கிருந்த பள்ளிக் கட்டடத்தில் மன்றம் கூடியது. 1851இல் அதே கட்டடத்தில் நடந்த தேசியக் கூட்டம் டென்மார்க்கின் அரசமைப்புக்கு இணங்காதென்று தெரிந்ததும், ஆளுநர் அதைத் திடீரெனக் கலைத்தார். யோன் எழுந்து எதிர்ப்பைப் பதிவுசெய்ய, "நாங்கள் அனைவரும் எதிர்க்கிறோம்" என்று கூடியிருந்தோர் முழங்கினர்.

சட்டம் இயற்றும் உரிமை 1874இலும், தன்னாட்சி 1904இலும் வந்தன. பெண்களுக்கு வாக்குரிமை 1915இல்தான் கிடைத்தது, அதுவும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். 1944 ஜூன் 17 அன்று, யோன் பிறந்த நாளில், உறுப்பினர்கள் திங்வெட்லிருக்கே சென்று குடியரசை அறிவித்தனர். இன்று அல்திங்கி 63 உறுப்பினர்களுடன் ஒரே அவையாக ரெய்க்யவிக்கில் இயங்குகிறது. 2009 ஜனவரியில், வங்கிகள் சரிந்த கோபத்தில் மக்கள் சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு திரண்டது அதன் வாசலில்தான்.