உள்ளகக் குழுவில் உட்காரப் போகிறவர்களுக்கு

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் பெயர் சேர்ந்ததுமே பலருக்கும் வரும் குழப்பம் இதுதான்: புகார் சொன்ன பெண்ணின் பக்கம் நிற்பதா, எதிர்த்தரப்பை நிரபராதி என்று வைத்துக்கொண்டு தொடங்குவதா? இவை இரண்டு தனித்தனி வேலைகள். அந்தப் பெண் சொல்வதை முழுசாகக் கேட்பதும் பாதுகாப்புக் கொடுப்பதும் ஒன்று. நடந்தது என்ன என்று முடிவு செய்வது இன்னொன்று. முதல் வேலையைச் செய்ய எதுவும் நிரூபணமாகி இருக்க வேண்டியதில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கைப் படியுங்கள். 2009-ல் ஒரு துறைத் தலைவர் மீது மாணவிகள் கொடுத்த புகாரைக் குழு வேக வேகமாக விசாரித்தது. அவர் வேலையை இழந்தார். 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. பதில் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பதே காரணம். விசாரணை மறுபடியும் குழுவுக்கே போனது. 14 வருஷம் கழித்து, அந்த மாணவிகளுக்குக் கையில் எதுவும் இல்லை.

அதனால் தேதிகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் வர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. புகார் கொடுப்பவர் தரும் 6 நகல்களில் ஒன்றை 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். 'உங்கள் மீது புகார் வந்திருக்கிறது, வந்து விளக்கம் சொல்லுங்கள்' என்ற வெற்றுக் கடிதம் போதாது. பதில் தர அவருக்கு 10 வேலை நாள் உண்டு. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் குழுத் தலைவரோடு சேர்த்துக் குறைந்தது 3 பேர் இருந்தாக வேண்டும். இரண்டு பேரை வைத்து 'சும்மா பேசிப் பார்த்தோம்' என்றால், பின்னால் மேல்முறையீட்டில் அந்த அமர்வே கேள்விக்குள்ளாகும்.

இடைக்கால நிவாரணத்தில்தான் தவறு அதிகம். பெண் எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, அந்தப் பெண்ணுக்கு 3 மாதம் வரை விடுப்புத் தரவோ, அவருடைய பணி மதிப்பீட்டை எதிர்த்தரப்பு எழுதாமல் தடுக்கவோ குழு பரிந்துரைக்கலாம். கேட்காமலேயே அவரை வேறு கிளைக்கு அனுப்பிவிட்டு 'பாதுகாப்பு' என்று பெயர் வைக்காதீர்கள். அது அவருக்குத் தண்டனை.

அமர்வில் கேட்கும் கேள்வியையும் கவனியுங்கள். 'ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?' என்று கேட்டால் அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். உங்களுக்குத் தகவல் கிடைக்காது. 'அதற்கு அடுத்து என்ன செய்தீர்கள், யாரிடம் பேசினீர்கள்?' என்று கேளுங்கள். 'இரவு வீட்டுக்குப் போகும்போது அக்காவுக்கு போன் பண்ணினேன்' என்று பதில் வரும். உங்களுக்கு ஒரு சாட்சியும், அழைப்புப் பதிவில் ஒரு நேரமும் கிடைத்துவிடும். தாமதத்தின் காரணமும் பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

எதிர்த்தரப்புக்கும் அதே நிதானம் வேண்டும். சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க அவருக்கு இடம் கொடுங்கள். ஆனால் நேருக்கு நேர் உட்கார வைக்க வேண்டியதில்லை. கேள்விகளை எழுதி வாங்கி, தலைவர் வாயால் கேட்கலாம். நடத்தை, உடை, பழைய நட்பு பற்றிய கேள்விகளை அங்கேயே நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள். அந்தக் குறிப்பில் 'குற்றவாளி' என்ற சொல் ஒருமுறைகூட வரக் கூடாது.

சிசிடிவி பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும் என்பதால், புகார் வந்த அன்றே எடுத்துவைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வாங்காமல், முன்னும் பின்னும் உள்ள உரையாடலோடு முழுசாகப் பாருங்கள்.

குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டும் என்ற அளவுகோல் இங்கே கிடையாது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் புகாரைத் தள்ளாதீர்கள். இருவருமே ஊழியர்கள் என்றால், கண்டறிந்ததன் நகலை இருவருக்கும் கொடுத்து ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். பல குழுக்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அறிக்கையில் 'நிரூபிக்கப்படவில்லை' என்பதும் 'பொய்ப் புகார்' என்பதும் ஒன்றல்ல. ஆதாரம் போதவில்லை என்பதற்காகப் மட்டும் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்றால், அதைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். அப்படி விசாரிக்காமல் 'பொய்' என்று ஒரு வரி எழுதினால், அடுத்துப் புகார் சொல்ல வரவிருந்த பெண் வாசலோடு திரும்பிவிடுவார்.