இரவல் கதிரைகள்

யூன் 3
மாப்பிள்ளை வீட்டார் கனடாவில் இருந்து வந்து கொழும்பில் நிற்கிறார்களாம். இந்த ஞாயிறு இல்லை, 16ஆம் திகதி ஞாயிறு இங்கே வருவார்கள். மதிலுக்கு வெள்ளை அடிக்க அம்மா ஆள் பிடித்துவிட்டார். வீதிப் பக்கம் மட்டும்.

யூன் 5
அப்பா மறுபடியும் ‘காதலிக்க நேரமில்லை’ பார்க்கிறார். காலில் கட்டுப் போட்ட பிறகு இது நாலாவது தடவை. நாகேஷ் திகில் கதை சொல்லும் இடத்தில் பாலையாவின் முகத்தைத் தானும் செய்து காட்டுவார். கட்டுப் போட்ட காலும் சேர்ந்து நடுங்கும். 1964இல் வந்த படம். எரிச்சலோடு எட்டிப் பார்த்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

யூன் 8
சித்தப்பா வீட்டுத் தேக்குக் கதிரைகள் ஆறு வந்தன. எங்களுடைய பிளாஸ்டிக் கதிரைகள் கிணற்றடிக்குப் போயின.

யூன் 9
நித்திரை இல்லை.

வேலை போன ரவிச்சந்திரன், பாலையாவின் மகளுக்காகக் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகனாகிவிடுகிறான். நரைமுடி ஒட்டிக்கொண்டு அந்தச் சிதம்பரமாக வருபவர் முத்துராமன், அதுவும் தன் காதலியின் அப்பாவுக்கு முன்னால். இத்தனை தடவை பார்த்தும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். கதைப்படி முத்துராமன் உண்மையாகவே பணக்கார வீட்டுப் பிள்ளை. இல்லாத பணத்தை நடித்துக் காட்டவும் அங்கே ஒரு பணக்காரன் தேவைப்பட்டிருக்கிறான். இயக்குநர் ஸ்ரீதர் கெட்டிக்காரர்.

எங்கள் வீட்டில் அந்த நரைமுடி யாருக்கு? காணி உறுதி ஈட்டில் கிடக்கிறது. “பிள்ளையின் பேரில் காணி இருக்கிறது” என்று தரகர் சொல்லியிருக்கிறார். அது பொய் இல்லைதான். உறுதியைக் காட்டுங்கள் என்று கேட்டால்?

யூன் 11
மாப்பிள்ளையின் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காரின் கதவில் கை வைத்தபடி நிற்கிறார். கார் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

யூன் 13
கறுத்தக்கொழும்பான் பழுக்கத் தொடங்கிவிட்டது. மாமரம் எங்களுடையது.

யூன் 14
“உறுதியைப் பற்றி நாங்களே சொல்லிவிடுவோமா அப்பா?”
“கலியாண எழுத்து முடியட்டும் பிள்ளை.”
நான் எழும்பிப்போய் மா சல்லடையைத் தேடினேன். அது நேற்றே கழுவி வைத்தது.

யூன் 16
வரவில்லை. யாருக்கோ காய்ச்சலாம். பயத்தம் பணியாரத்தை நாங்களே தின்றோம், கிணற்றடியில் இருந்து. தேக்குக் கதிரையில் இருக்க அம்மா விடவில்லை.

யூன் 17
தரகர் போன் எடுக்கிறார் இல்லை.

யூன் 19
சித்தி கதைத்தார். வியாழன் அவர்கள் வீட்டில் திவசமாம், கதிரைகள் வேண்டுமாம். ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த ஞாயிறு என்று