முதல் மல்டிமீட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

வோல்டேஜ், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை முதன்முதலாக வாங்கும் மாணவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன், வயர்களைச் செருகும் அதன் துளைகளைப் பார்க்க வேண்டும். மலிவான கருவிகள் பலவற்றில் 10 ஆம்பியர் துளையின் அருகே ‘ஃபியூஸ் இல்லை’ என்றே அச்சிட்டிருக்கும். மின்னோட்டத்தை அளந்தபின் சிவப்பு வயரை அந்தத் துளையிலேயே மறந்து விட்டுவிட்டு வோல்டேஜ் பார்க்கப் போனால், மீட்டர் வழியாகவே பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். லித்தியம் பேட்டரி ஒன்றில் பொறி பறந்து, புரோபின் (வயர் முனையிலுள்ள அளவிடும் ஊசியின்) நுனி கருகியதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஆகவே சிறிய மின்னோட்டம், 10 ஆம்பியர் என்ற இரு மின்னோட்ட அளவுகளுக்கும் ஃபியூஸ் உள்ள மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீணல்ல.

துல்லியத்தைப் பொறுத்தவரை, 1999 வரை மட்டுமே காட்டும் மீட்டர் 5 வோல்ட்டை 5.00 என்றும், 6000 கவுண்ட் (அதாவது 5999 வரை காட்டும்) மீட்டர் 5.000 என்றும் காட்டும். தொடக்கநிலைப் பயிற்சிக்கு முன்னதே போதும். இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று புரோபால் தொட்டவுடன் தாமதமின்றி ஒலிக்கும் பஸ்ஸர்தான் அன்றாடம் அதிகம் உதவும்.