ஒத்துழைத்தார்

அன்றைக்குச் சார்ட்டில் நான் எழுதியது ஒரே சொல்: ஒத்துழைத்தார். குளிக்க வார்க்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் எத்தனையோ பேருக்கு எழுதுகிற சொல்தான். இரண்டு வருடமாகியும் அந்த ஒரு பதிவு மட்டும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

அவரை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் லாவ்ஷி என்றே கூப்பிடுவோம். சீன மொழியில் ஆசிரியர் என்று பொருள். எண்பதைத் தாண்டியவர். டொரண்டோவின் ஸ்காபரோவில் பிள்ளைகளுக்கு எர்ஹு என்ற சீன வில் வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்திலும் ஒரு நாள் வாசிக்காமல் படுத்ததில்லை என்று மகள் சொல்வா. இரண்டே தந்திகள். வில்லின் மயிர் அவை இரண்டுக்கும் நடுவே ஓடுவதால் வில்லைத் தனியே எடுத்து வைக்க முடியாது. விரலுக்கு அடியில் பலகை இல்லை. அந்தரத்தில் நிற்கும் தந்தியில் சுருதியைக் காதுதான் பிடிக்க வேண்டும். மலைப்பாம்புத் தோலின் மேல் ஒரு சின்ன மரத்துண்டு தந்திகளைத் தாங்கும். அதை 'மா' என்று காட்டி, குதிரை என்று விளக்கினார். எங்கள் வீணையிலும் அதற்குக் குதிரை என்றுதான் பெயர் என்றேன். கையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தக் குதிரையின் மேல்தான் நான் சத்தத்தை அடக்கும் மியூட்டை மாட்டினேன்.

அடுத்த அறை அம்மாவுக்கு வருத்தம் முற்றியிருந்தது. இரவெல்லாம் நோவில் முழித்திருந்து விடியப்புறம்தான் கண்ணயர்வா. லாவ்ஷி வாசிப்பது காலை ஆறரைக்கு. மருந்து எடுத்த பிறகு அவருக்குத் தூக்கம் தூக்கமாக வரும், அதனால் நேரத்தை மாற்ற வழியில்லை. அம்மாவின் மகன் முறைப்பாடு செய்ய, மனேஜர் என்னைப் பார்த்துச் செய்யச் சொன்னா. இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"லாவ்ஷி, கொஞ்சம் மெல்லமாக் கேட்கட்டும், சரியா?"

ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது.

"பரவாயில்லை. முன்னமும் இப்படி வாசித்திருக்கிறேன்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றேன்.

என் வாயால் வந்த அந்த வார்த்தையைத்தான் சொல்கிறேன். எப்போது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் நாலு பேரைக் குளிக்க வார்க்க இருந்தது.

பிறகு மகள்தான் சொன்னா. அவர் ஜியாங்சுவில் ஒரு நாடகக் குழுவில் வாசித்தவராம். 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் பழைய உருப்படிகளை வாசிப்பதே குற்றமாகிவிட்டது. வாசலுக்குப் போர்வை தொங்கவிட்டு, தந்திக்கடியில் துணியைச் செருகி, இரவில் வாசித்தாராம். அதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி, ரேடியோவைக் காதோடு ஒட்டிக் கேட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். சத்தத்தை அடக்கிக்கொள்வது என்னவென்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அடுத்த கிழமை அதே மகள், டொரண்டோவில் பேஸ்மென்டில் இருந்தபோதும் மேல்வீட்டு முதலாளிக்காகத் துணி வைத்துத்தான் வாசித்தவர் என்றா. அவர் சொன்ன 'முன்னம்' எது? பகலில் பேஸ்மென்ட் என்று நினைத்துக்கொள்வேன். இரவில் அப்படி நினைக்க முடிவதில்லை.

அவர் விரும்பி வாசிப்பது 'எர்ச்சுவான் யிங்யுவே'. இரண்டாம் சுனையில் நிலா. கண் தெரியாத தெருக்கலைஞர் அபிங்கின் உருப்படி. 1950இல் இசை ஆய்வாளர் யாங் யின்லியு ஒலிப்பதிவு செய்ய அபிங்கின் ஊரான வூசிக்கு வந்தபோது அபிங் வாசிப்பை விட்டு இரண்டு வருடமளவில் ஆகியிருந்ததாம், கையில் வாத்தியமும் இல்லை. இரவல் வாத்தியத்தில் மூன்று நாள் பழகிவிட்டு வாசித்தார். அந்த டிசம்பரில் இறந்துபோனார். "அபிங்குக்கு மூன்று நாளில் கை திரும்பியது. எனக்கு ஒரு நாள் விட்டால் திரும்பாது" என்று லாவ்ஷி சொல்வார். மியூட்டோடு என்றாலும் அவர் விடாமல் வாசிக்கத்தானே நான் வழிசெய்தேன்? இதையும் எனக்கு நானே பல தரம் சொல்லியாயிற்று.

அம்மா ஒரு மாதத்தில் போய்விட்டா. அடுத்த நாளே நான் மியூட்டைக் கழற்றி லாச்சிக்குள் போட்டேன். மறுநாள் ஆறரைக்கும் வாசிப்பு மெல்லிசாகத்தான் கேட்டது. போய்ப் பார்த்தால், தந்திக்கடியில் நாலாய் மடித்த லேஞ்சி.

"இனி வேண்டாம், லாவ்ஷி" என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். "தூங்குகிறா."

அந்தக் கட்டிலுக்கு முதல் நாள்தான் நான் புது விரிப்புப் போட்டிருந்தேன்.