கல்யாணப் படங்களின் உரிமை யாருக்கு? திருகோணமலையில் எழுத்துமூல அனுமதிக்காக அலைந்த அனுபவம்

கல்யாணப் படங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள் என்பதனாலேயே அவை எங்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று எங்கள் ஊரில் அநேகமாக எல்லோரும் நம்புகிறோம். இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு புகைப்படத்தின் பொருளாதார உரிமைகள், அதாவது அதனைப் பிரதி எடுக்கவும் பிறருக்கு அனுமதி கொடுக்கவுமான உரிமைகள், முதலில் அதனை எடுத்தவருக்கே உரியவை. எடுத்தவர் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்து, வேறு உடன்படிக்கையும் இல்லாவிட்டால், அவை முதலாளிக்கு உரியவை. எங்கள் கைக்கு வருவது அல்பமும் கோப்புகளும் மட்டுமே. என் தங்கையின் கல்யாணம் முடிந்து பல மாதங்களுக்குப் பின்னர், ஒரு படம் உடனே தேவைப்பட்ட வேளையில் இதனை அறிய நேர்ந்தது. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பங்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே இதனை வாசிக்க வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன்.

கல்யாண நாள் வரையில் எந்தக் குறையும் இல்லை. பொன்னுருக்கல், தாலிகட்டு, பிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் நிற்க எடுத்த வெளிப்புறப் படங்கள் எல்லாமே அழகாக வந்தன. அல்பமும் சொன்ன தவணையில் வந்து சேர்ந்தது.

சிக்கல் அம்மம்மாவின் மறைவோடு தொடங்கியது. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும். அம்மம்மா படம் எடுக்க விடமாட்டா. கமெராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்ளுவா. ஆனால், தங்கைக்கு அறுகரிசி இடும்போது அவவுக்குத் தெரியாமல் எடுத்த படம் ஒன்று இருந்தது. மூக்குக்கண்ணாடி சற்றுக் கீழே இறங்கியிருக்க, விரல்களுக்கிடையிலிருந்து அரிசி விழுந்துகொண்டிருக்க, வாய் எதையோ முணுமுணுத்து வாழ்த்தும் அந்தப் படம்தான் மலரின் முதற் பக்கத்துக்கு வேண்டும் என்று அம்மா உறுதியாக நின்றா.

அச்சகத்தில் கோப்பைத் திறந்து பார்த்த பெடியன் தலையாட்டினான். ஸ்ரூடியோ தந்த கோப்புகள் எல்லாம் நீளப் பக்கத்தில் 2048 புள்ளிகளுக்கு (பிக்சல்களுக்கு) சுருக்கப்பட்டிருந்தன. ஏ5 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட வேண்டுமானால் நீளவாக்கில் ஏறத்தாழ 2500 புள்ளிகள் வேண்டும். கூட்டத்துக்குள் நிற்கும் அம்மம்மாவை மட்டும் வெட்டியெடுத்தால் எஞ்சுவது சில நூறு புள்ளிகள்தான். கைத்தொலைபேசித் திரையில் பார்க்கும்போது குறையொன்றும் தெரியாது. ஆகவே கோப்புகள் கைக்கு வந்த அன்றே ஒன்றின் விபரங்களைத் திறந்து இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

முழு அளவுக் கோப்பைக் கேட்டு ஸ்ரூடியோவுக்குப் போனபோது உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, நீங்கள் காசு தந்தது படம் எடுத்து அல்பம் போட்டுத் தர. கொப்பிரைட் எங்கட. ஒறிஜினல் வேணுமெண்டால் அதுக்கு வேற சார்ஜ்" என்றார். அவர் சொன்ன தொகை அல்பத்தின் விலையில் பாதிக்குக் கிட்ட வந்தது. ஒரே ஒரு படம் போதும், அது செத்த வீட்டு மலருக்கு என்று சொல்லியும் அவர் இறங்கிவரவில்லை. தங்கள் படங்கள் அனைத்தும் கொழும்பில் பதிவு செய்யப்பட்டவை என்றும், வேறு இடத்தில் பெரிதாக்கி அச்சிட்டால் வழக்கு வரும் என்றும் சொன்னார். பதிவு பற்றிய இந்தப் பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. பதிப்புரிமைக்கு எங்கள் நாட்டில் பதிவு தேவையில்லை. படம் உருவான கணத்திலேயே பாதுகாப்பும் வந்துவிடுகிறது. பதிவைக் காட்டி யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம்; ஆனால், பதிவில்லை என்பதனால் உரிமை இல்லாமற் போவதுமில்லை.

என்ன உடன்பட்டோம் என்பதைப் பார்ப்பதற்கு முற்பணப் பற்றுச்சீட்டைத் தேடினோம். மீதிப் பணத்தைச் செலுத்தி அல்பத்தை எடுத்தபோது, இறுதிப் பற்றுச்சீட்டைத் தந்துவிட்டு முற்பணச் சீட்டைத் திருப்பி வாங்கியிருந்தார்கள்; ஊர் வழக்கமும் அதுதான். ஆனால், நிபந்தனைகள் இருந்தது அந்த முற்பணச் சீட்டின் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில். தமிழில் பேசி, தமிழில் விலை முடித்து, தமிழில் கையொப்பமிட்ட ஒரு குடும்பத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் அக்குடும்பம் வாசிக்காத மொழியில் இருந்ததும், அந்தத் தாளும் எங்கள் கையை விட்டுப் போனதும் எனக்கு இன்றும் ஆறவில்லை. பற்றுச்சீட்டு எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னர் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாடு ஏற்கும் அரச அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் நான் சொல்லி முடிக்கும் முன்னரே மூலப் பற்றுச்சீட்டைக் கேட்டார். அது ஸ்ரூடியோவில் இருக்கிறது, அதுவே முறைப்பாட்டின் ஒரு பகுதி என்று விளக்கியபோது, "மூலப் பிரதி இல்லாமல் எடுக்க ஏலாது" என்ற ஒரே வரியைத் திரும்பவும் சொன்னார். ஸ்ரூடியோவிடம் கெஞ்சி வாங்கிய நிழற்பிரதியோடு மறுபடி போனால், இது தங்களுக்குரிய விடயமே அல்ல என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வெயிலில் இன்னொரு முறை போய் நின்றிருக்கத் தேவையில்லை. மலருக்கான நாளும் குறைந்துகொண்டே வந்தது.

இதற்கிடையில் சென்னையிலிருக்கும் உறவினர் ஒருவர், பணம் கொடுத்து எடுப்பித்தவருக்கே படத்தின் உரிமை என்று உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான உடன்படிக்கை இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. ஆனால், எங்கள் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இணையத்தில் தமிழில் கிடைக்கும் விளக்கக் காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியச் சட்டத்தை வைத்துப் பேசுபவை. அவற்றை நம்பி இங்கே கடிதம் எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தள்ளிவிடும்.

இதையெல்லாம் தெளிவாக்கியவர் நீதிமன்றத்துக்கு அருகில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சட்டத்தரணி. அவர் முதலில் என்னிடம் கேட்டது சட்டம் பற்றி அல்ல. "அந்தப் படத்தை எடுத்தது யார்?" என்று கேட்டார். ஸ்ரூடியோ என்றேன். "ஸ்ரூடியோ படம் எடுக்காது, ஆள்தான் எடுக்கும். அந்த ஆள் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவரா, அன்றைக்கு மட்டும் வந்தவரா?" என்றார். இந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. கல்யாணத்தன்று மூதூரிலிருந்து இரண்டாவது கமெராக்காரர் ஒருவர் நாட்கூலிக்கு வந்திருந்தார். கோப்புகளின் பெயர்களைப் பார்த்தால் இரண்டு வகை முன்னெழுத்துகள் இருந்தன. விபரங்களைத் திறந்தால் இரண்டு வெவ்வேறு கமெராக்களின் பெயர்கள் இருந்தன. அம்மம்மாவின் படம் இரண்டாவது கமெராவில் எடுக்கப்பட்டது. நாட்கூலிக்கு வந்தவர் ஊழியர் அல்லர் என்றும், உரிமையைக் கைமாற்றுவதாயின் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்பது சட்டத்தின் 16 ஆம் பிரிவு என்றும், அப்படி ஒரு தாள் இல்லாவிட்டால் அந்தப் படத்தின் உரிமை ஸ்ரூடியோவிடம் போயே இருக்காது என்றும் சட்டத்தரணி விளக்கினார்.

கிண்ணியாப் பாலம் கடந்து மூதூருக்குப் போய் அந்த இளைஞரைக் கண்டுபிடித்தோம். ஸ்ரூடியோவுடன் எந்தத் தாளிலும் கையொப்பமிடவில்லை என்றார். கணினியில் தேடி, சுருக்கப்படாத அந்த ஒரு படத்தை எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அம்மம்மாவின் கண்ணாடிச் சட்டத்தில் சுற்றியிருந்த நூல்கூடத் தெரிந்தது. அம்மா அழுதுவிட்டா. பணம் எதுவும் வேண்டாம், மலரின் உள்ளே எங்காவது தன் பெயரைப் போட்டால் போதும் என்றார் அவர். அது அவர் கேட்ட தயவு அல்ல, அவருடைய உரிமை. பொருளாதார உரிமையைக் கைமாற்றினாலும் படைத்தவரின் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்ற தார்மீக உரிமையைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு தனியாகக் காக்கிறது. மலரை அச்சிடுவதற்கும், குடும்பத் தேவைகளுக்கு எந்த அளவிலும் பிரதி எடுப்பதற்கும் அனுமதிப்பதாக அங்கேயே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். மலர் உரிய நாளில் வந்தது.

அத்தோடு முடிந்தது என்றிருந்த நேரத்தில்தான் தங்கையின் மாணவிகள் அவளிடம் வந்து, "ரீச்சர், உங்கட படம் ரோட்டில பெரிசா இருக்கு" என்றார்களாம். நகரத்து அழகுக்கலை நிலையம் ஒன்றின் விளம்பரப் பலகையில், நெற்றிச்சுட்டியோடு அவளுடைய முகம், கீழே தொலைபேசி இலக்கம். அவளுக்கு அலங்காரம் செய்தது அந்த நிலையமே அல்ல. ஸ்ரூடியோதான் படத்தைக் கொடுத்திருந்தது. கேட்டதற்கு, உரிமை எங்களுடையது, நாங்கள் யாருக்கும் கொடுக்கலாம் என்று பழைய பதிலே வந்தது. பாடசாலைக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைக் கடந்து போக அவள் கூசியதை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. பொலிஸில் சொன்னபோது இது சிவில் விடயம், தாங்கள் தலையிட முடியாது என்றார்கள்.

படத்தின் பதிப்புரிமை வேறு, படத்திலுள்ள ஆளின் மானமும் அந்தரங்கமும் வேறு என்பதைச் சட்டத்தரணி இங்கேதான் பிரித்துக் காட்டினார். ஸ்ரூடியோவுக்குப் பதிப்புரிமை இருப்பதால் பிறர் அந்தப் படத்தைப் பிரதி எடுப்பதை அவர்களால் தடுக்க முடியும். ஆனால், என் தங்கையின் முகத்தை இன்னொருவரின் வியாபாரத்துக்கு வாடகைக்கு விடும் அதிகாரம் அதிலிருந்து வந்துவிடாது. எங்கள் நாட்டில் இன்னும் வழக்கிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக, ஒருவரின் கண்ணியத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஏற்படும் ஊறுக்கு நட்டஈடு கோரலாம். அந்த வழக்கு நீளும் என்பதனால், முதலில் நிலையத்துக்கு ஒரு கடிதம் போதும் என்றார். தாங்கள் செய்யாத அலங்காரத்தைத் தங்களுடையதாகக் காட்டுவது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்யும், வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தைக்குள் வரும் என்பதை அக்கடிதத்தில் சேர்த்தோம். பலகை இறங்கியது. நிலையத்தை நடத்தும் பெண்மணி நேரில் வந்து, ஸ்ரூடியோ சொன்னதை நம்பியே போட்டதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தா. அவமீது எங்களுக்கு மனக்குறை இல்லை.

அந்தக் கடிதத்தின் பிரதி ஸ்ரூடியோவுக்கும் போனதால் உரிமையாளர் பேச முன்வந்தார். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கமெரா பதிந்தபடியே இருக்கும், திருத்தப்படாத ரோ கோப்புகளை அவர் தர மறுத்தார். பாதி வேலை முடிந்த படங்கள் தன் பெயரில் ஊருக்குள் உலாவுவதை எந்தக் கலைஞரும் விரும்பமாட்டார் என்பதனால் நாங்களும் வற்புறுத்தவில்லை. திருத்திய படங்களை முழு அளவில் ஜேபெக் கோப்புகளாகத் தருவது, குடும்பத்தினர் அவற்றை விரும்பிய இடத்தில் அச்சிடலாம், சமூக வலைத்தளங்களில் பகிரலாம், பகிரும்போது ஸ்ரூடியோவின் பெயரைக் குறிப்பது, தங்கை படம் படமாக எழுத்தில் சம்மதித்தவற்றை மட்டும் ஸ்ரூடியோ தன் சொந்தப் பக்கத்தில் காட்டலாம், மூன்றாம் தரப்பு எவருக்கும் எந்தப் படத்தையும் கொடுக்கக் கூடாது என்பவற்றைத் தமிழில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டோம். எழுதாத உரிமை எதுவும் தானாக வந்து சேராது என்று 16 ஆம் பிரிவே சொல்வதால், "அச்சிடலாம்", "பகிரலாம்" என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதியது முக்கியம். படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின்னர் 70 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிப்பதனால், "எங்கள் வாரிசுகளும்" என்ற சொற்களையும் சட்டத்தரணி சேர்க்கச் சொன்னார்.

இதே வாசகத்தை முற்பணம் கொடுக்கும்போதே கேட்டால் எந்த ஸ்ரூடியோவும் பெரிதாக மறுக்காது. அப்போது வாடிக்கை அவர்களுக்கு வேண்டும். நாட்கூலிக்கு வரும் கமெராக்காரர்களின் உரிமையை ஸ்ரூடியோ எழுத்தில் பெற்றிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அவர்களுடைய ஒப்பத்தையும் தனியாக வாங்குங்கள். சேவையில் குறையிருந்து நுகர்வோர் சட்டத்தின் கீழ் முறையிடுவதாயின், அது எழுத்தில், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். அல்பம் வந்த மகிழ்ச்சியில் அந்தக் காலம் ஓடிவிடும். ஆகவே கோப்புகளின் அளவையும் எண்ணிக்கையையும் முதல் வாரத்திலேயே சரிபார்த்து, குறையிருந்தால் வட்ஸ்அப்பில் பேசி விடாமல் கடிதமாகக் கொடுத்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.