மாளிகை வராத வாசல்

அயர்லாந்தில் லிஸ்மோர் அருகே பாலிசாகர்ட்மோர் எஸ்டேட். 1830களில் ஆர்தர் கைலி-அஷர் வாசலை முதலில் எழுப்பினார்: கோதிக் கூர்வளைவு, இருபுறமும் காவலர் வீடு, உள்ளே தள்ளி ஓடைமேல் கோபுரம் வைத்த பாலம். வடிவமைத்தது அவருடைய தோட்டக்காரர்! காசு அதிலேயே தீர்ந்தது. நினைத்த மாளிகை வரவே இல்லை.

இப்படிப்பட்ட பழைய கல்சுவரின் இணைப்புகளில் சிமெண்ட் பூசுவதுதான் பெரிய கேடு. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். இணைப்பின் அகலத்தைப் போல இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, கல்லைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் மூட வேண்டும். உறைபனி மாதங்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.